சைபர் புள்ளி சைபர்

எனக்கு முன்னால், மூன்றடி தூரத்தில், பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்துகொண்டு ஹனிபா நானா எனக்கு வட்ஸ்அப் செய்தி அனுப்பினார்.

டிங்.

"பிளேன்ரீக்குச் சீனி காணாது தம்பி."

போனைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். எழுந்துபோய் சீனிப் போத்தலைக் கொண்டுவந்து வைத்தேன்.

டிங்.

"கரண்டிய யாரு கொண்டார?"

இது நடந்தது எத்தாளையில், எங்கள் வீட்டு வாசலில். சில வாரங்களுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, அசர் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கச்சான் காற்று முருங்கை மரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

ஹனிபா நானாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆலங்குடாக் கரையில் இருபது வருடத்துக்கு மேல் மீன் ஏலம் கூறியவர். குரல் என்றால் அப்படியொரு குரல்... எதிர்க்காற்றில் நின்று கூறினாலும் தோணியில் வலை உதறிக்கொண்டிருப்பவருக்குக் கேட்கும். பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள்கூட ஒருதரம் திரும்பிப் பார்ப்பார்கள். தொண்ணூறில் ஆயுதக்காரர்கள் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்களில் ஒருவர் அவர். "வீட்ட வச்சிட்டுப் போ, தோணிய வச்சிட்டுப் போ, நகைய வச்சிட்டுப் போ எண்டாங்க. தொண்டைய மட்டும் கேக்க மறந்துட்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தத் தொண்டையை வைத்துத்தான் இந்தக் கரையில் ஒரு வீடு கட்டினார், ஒரு மகளைக் கட்டிக்கொடுத்தார்.

ஐந்து வருடத்துக்கு முன் அதே தொண்டையில் நோய். வெட்டி, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். மேலே ஒரு மெல்லிய வெள்ளைத் துணி. உதடு அசையும், சத்தம் வராது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கொப்பியில் எழுதி என்னிடம் நீட்டினார்: "இப்ப ஞாபகம் வந்து, அதையும் கேட்டு வாங்கிட்டாங்க."

பகிடியை மட்டும் எந்த டொக்டராலும் வெட்ட முடியவில்லை.

அன்றைக்கு ஆனால் பகிடிக்கு வரவில்லை அவர். சீனி, கரண்டி எல்லாம் முடிந்தபிறகு வந்த செய்தி சின்னதாக இருந்தது.

"காட்டுல ஒண்டும் இல்லையாம்."

என்ன காட்? சொல்கிறேன்.

அவருடைய மகள் ரிஸ்மியாவுக்கு இன்றோ நாளையோ என்று வயிறு. இரண்டாவது பிள்ளை. மூத்தவள் ஹனாவுக்கு ஒன்பது வயது. ஹனா பிறந்தபோது அவளைக் கையில் வாங்கி, வலது காதில், தொழுகைக்கு அழைக்கும் அந்தப் பாங்கைச் சொன்னவர் ஹனிபா நானா. எங்கள் பிள்ளைகள் உலகத்தில் கேட்கவேண்டிய முதல் வார்த்தை அதுதான் என்பது எங்கள் வழக்கம். ஊரெல்லாம் கேட்கும் குரலை ஒரு பிஞ்சுக் காதுக்குள் மட்டும் விழுவதுபோலச் சுருக்கிச் சொன்னாராம். பக்கத்தில் நின்ற மருமகன் தன் பட்டன் போனில் அதைப் பதிந்திருக்கிறார்.

பிறகு யாரும் அதைப் போட்டுக் கேட்கவில்லை. ஆளே முன்னால் நின்று கத்திக்கொண்டிருக்கும்போது நகல் யாருக்கு வேணும்?

இப்போது வேணும். ரிஸ்மியா ஒரு மாதமாக அலுமாரி அலுமாரியாகத் தேடி அந்தப் பழைய போனை எடுத்துவிட்டாள். பட்டரி ஊதிப்போய், போன் செத்திருந்தது. உள்ளே விரல் நகத்தளவில் ஒரு மெமரி காட். "வாப்பாட குரல் அதுக்குள்ள இரிக்கி. ரெண்டாவது பிள்ளைட காதுலயும் வாப்பாட குரல்தான் விழணும்" என்று ஒரே பிடி. அவள் கேட்டது அது ஒன்றுதான்.

ஹனிபா நானா போனையும் காட்டையும் எடுத்துக்கொண்டு கற்பிட்டி டவுனில் ஒரு போன் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் அதைத் தன் போனில் செருகிப் பார்த்து, திரையைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். ஓடியோ – சைபர்.

"பொட்டி மட்டும்தான் நானா இரிக்கி. உள்ளுக்கு ஒண்டும் இல்ல."

இதை எனக்கு அனுப்பிவிட்டு அவர் பிளேன்ரீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  

டிங்.

"சரி எண்டு சொல்லிட்டன். காட்ட அழிச்சிட்டு குர்ஆன் முழுக்கப் போட்டுத் தரச் சொன்னன். மகளுக்கு ஆஸ்பத்திரியில கேக்கலாம். அசருக்குப் பிறகு வந்து எடுக்கச் சொன்னாரு."

ஏன் அவ்வளவு இலகுவாக நம்பினார்? அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஏலக் கரையில் அவரிடம் ஒரு பெரிய தொங்கு தராசு இருந்தது. வட்டத் தட்டும் சிவப்பு முள்ளுமாக. பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும் பொடி மீன்களைத் தட்டில் கொட்டுவார். முள் அசையாது. "முள் அசையல்லண்டா மீன் இல்ல" என்று ஒரு கூவல். பொடி மீன் முழுக்கக் காகத்துக்கும் பூனைக்கும். அதில் யாரும் அவரோடு வாதாட ஏலாது. இருபது வருடம் அது கரையின் சட்டம்.

தன் குரலையும் அதே தட்டில் போட்டுவிட்டார் மனுசன். முள் அசையவில்லை. முடிந்தது.

இந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டு டீச்சர் வெளியே வந்தார். என் மனைவி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறார். கையில் ஒரு கட்டு விடைத்தாள். காதுக்கு மேலே சிவப்புப் பேனை. பத்தாம் வகுப்பு. பாடம்: பிட்டை பைட்டாக மாற்றுவது, பைட்டைக் கிலோபைட்டாக மாற்றுவது. பாதிப் பேர் பெருக்கவேண்டிய இடத்தில் பிரித்திருந்ததாகக் காலையிலிருந்து கோபம்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைக் கவனிக்காமல் ஹனிபா நானாவிடம் கேட்டார்.

"நானா, திரையில சைபர் எண்டு கிடந்திச்சா? இல்லாட்டி சைபர் புள்ளி சைபர் எண்டு கிடந்திச்சா?"

நான் சிரித்துவிட்டேன். "ரெண்டும் ஒண்டுதானே."

"நீங்க கொஞ்சம் பேசாம இரிங்க. நீங்க பத்தாம் வகுப்பில இருந்தா நான் பத்துக்கு ரெண்டுதான் போடுவன்."

என் கணக்கு எப்படிப்பட்டது என்று பத்திரிகையில் என் பத்தியை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். இரண்டே அதிகம்.

ஹனிபா நானா கண்ணை மூடி யோசித்தார். விரலால் காற்றில் எழுதினார். ஒரு வட்டம். ஒரு குத்து. இன்னொரு வட்டம். பிறகு இரண்டு ஆங்கில எழுத்து – எம், பி.

மனைவி விடைத்தாள் கட்டை என் மடியில் போட்டார்.

"அந்தக் கடைக்குக் கோல் எடுங்க. உடன. அழிக்க வேணாமெண்டு சொல்லுங்க."

எடுத்தேன். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளிவாசலிலும் அசருக்குப் பாங்கு சொன்னார்கள்.

"த்ரீவீல எடுங்க" என்றார்.

எங்கள் த்ரீவீல் ஓட மாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஜாதி. அன்றைக்கு என்னவோ ஒரே உதையில் ஸ்டார்ட். பின்சீற்றில் மனைவியும் ஹனிபா நானாவும். கற்பிட்டி வீதியில் வழக்கம்போல நடுரோட்டில் நாலு கழுதை. நான் ஹோர்ன் அடித்தேன். ஒரு கழுதை என்னைப் பார்த்தது. அதற்கு அவசரம் என்ற சொல்லே தெரியாது. ஹனிபா நானா பின்னாலிருந்து என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். பழைய நாளென்றால் அவர் போடும் ஒரு சத்தத்துக்குக் கழுதை நுரைச்சோலை தாண்டிப் போயிருக்கும்.

காத்திருந்த அந்த இரண்டு நிமிடத்தில்தான் எனக்குப் பாடம் நடந்தது.

"ஒரு பிட் எண்டா ஒரு விரல்" என்றார் மனைவி, என் தோளுக்கு மேலால் கையை நீட்டி. "மடக்கினா சைபர். நிமித்தினா ஒண்டு. வேற ஒண்டும் இல்ல. உண்டு, இல்ல. அவ்வளவுதான். நாலு விரல் சேந்தா நிபிள். ரெண்டு கையிலயும் எட்டு விரல் – ஒரு பைட்."

"பத்து விரல்தானே?"

"பெருவிரல் ரெண்டுக்கும் லீவு. ரோட்டப் பாருங்க."

ரோட்டில் கழுதையைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது?

"ஆயிரத்து இருபத்திநாலு பேர் வரிசையா நிண்டு எட்டெட்டு விரலக் காட்டினா ஒரு கிலோபைட். அப்பிடி ஆயிரத்து இருபத்திநாலு கூட்டம் சேந்தா ஒரு மெகாபைட், அதுதான் எம்பி. அந்தக் கடைக்காரர்ட போன் எம்பியிலதான் நிறுக்கிது. புள்ளிக்குப் பிறகு ஒரே ஒரு இலக்கம்தான் காட்டும். அதுக்குக் கீழ உள்ளதெல்லாம் அதுட கண்ணுக்குச் சைபர்."

"சைபர் எண்டா சைபர்தானே..."

"இல்ல. சும்மா சைபர் எண்டா ஒண்டும் இல்ல. சைபர் புள்ளி சைபர் எண்டா, *என்னால நிறுக்க ஏலாது* எண்டு அர்த்தம். அந்தச் சைபருக்குள்ள அம்பதினாயிரம் பைட் ஒளிஞ்சிரிக்க ஏலும். பிட்டாச் சொன்னா நாலு இலட்சம்."

நாலு இலட்சம் உண்டு-இல்லைகள். ஒரு சைபருக்குள்.

முதுகில் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். ஹனிபா நானா தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து, பெருவிரல்களை உள்ளே மடித்துக்கொண்டு, மீதி எட்டு விரலையும் பார்த்துக்கொண்டிருந்தார். பொடி மீன்களை எத்தனை தரம் கொட்டிய கை அது.

கழுதை விலகியது. அது நினைத்தபோது.

கடை பாதி ஷட்டர் போட்டுக் கிடந்தது. கடைக்காரர் இல்லை. பக்கத்துப் பள்ளிவாசலில் ஜமாஅத் தொழுகை தொடங்கியிருந்தது. குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேசையில் கம்பியூட்டர். பக்கத்தில் காட் செருகும் சின்னக் கருவி, அதன் பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது. திரையின் நடுவில் ஒரு சதுரம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என் மங்கல் கண்ணுக்குத் தெரியவில்லை.

என் மனைவி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் போய்த் தொழுங்க. நான் இஞ்ச நிக்கிறன். அந்த மனுசன் தொழுது ஸலாம் கொடுத்த உடன கையோட கூட்டிட்டு வாங்க. வேற யாரும் உள்ள போகாமப் பாத்துக்கொள்றன்."

போனோம். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. அல்லாஹ் என்னை மன்னிக்கவேண்டும் – அன்றைக்கு என் தொழுகையில் எத்தனை பிட் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஹனிபா நானாவின் மூச்சு, கழுத்துத் துணிக்குப் பின்னாலிருந்து, ஸ்ஸ்... ஸ்ஸ்... என்று வந்துகொண்டிருந்தது.

ஸலாம் கொடுத்ததும் கடைக்காரரைப் பிடித்தோம். அவர் பயந்துவிட்டார்.

"என்ன நானா, மகளுக்கு ஏதுமா?"

ஹனிபா நானா தலையை ஆட்டி அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"காட்ட அழிச்சிட்டீங்களா?" என்று நான் கேட்டேன்.

"இன்னும் இல்ல. அமத்தப் போகக்கொள்ள பாங்கு சொல்லிட்டாங்க. வந்து செய்வமெண்டு அப்பிடியே உட்டுட்டு வந்தன்."

கடைக்குள் போய்த் திரையைப் பார்த்தேன். அந்தச் சதுரத்தில் கம்பியூட்டர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நின்றது. இதிலுள்ள எல்லாம் அழிந்துவிடும், சரியா? கீழே இரண்டு பொத்தான். ஓம். இல்லை. அம்புக்குறி ஓம் மேலே நின்றது.

ஒரு விரல் தூரம். ஒரே ஒரு பிட்.

ஒரு பாங்கை அழிக்கப் போன கையை இன்னொரு பாங்கு எழுப்பிப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. இதை நான் கதையாக எழுதியிருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் எழுதியிருக்கமாட்டேன்.

மனைவி கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, கதிரையில் உட்கார்ந்து, 'இல்லை'யை அமத்தினார். பிறகு காட்டைத் திறந்தார். ஒரு பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் ஒரே ஒரு பைல். அதன் அளவை எடுத்துப் பார்த்துவிட்டு, வகுப்பில் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"நாப்பத்தெட்டாயிரத்து ஆறு பைட்."

கடைக்காரர் நாடியில் கை வைத்தார். "என்ட போனில சைபர் எண்டுதானே டீச்சர் காட்டினது..."

"உங்கட போன்ல பிழை இல்ல. லொறி நிறுக்கிற தராசில மோதிரத்த வச்சா அப்பிடித்தான்."

"போட்டுப் பாக்கவா?" என்று மனைவி ஹனிபா நானாவைக் கேட்டார். அவர் கழுத்துத் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மனைவி போட்டார்.

முதலில் ஒரு கரகரப்பு. ஒரு பிள்ளையின் அழுகை. பிறகு...

அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர்.

மெதுவாக. அவ்வளவு மெதுவாக அந்த மனுசன் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏலக் கரையின் குரல்தான், அதே கட்டைக் குரல்தான். ஆனால் யாரோ அதைக் கடற்கரையிலிருந்து எடுத்துவந்து ஒரு சிப்பிக்குள் வைத்ததுபோல. பிள்ளையின் அழுகை குறைந்தது. நின்றது. குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொரு வரியாக. கடைக்கு வெளியே ஒரு பஸ் ஹோர்ன் அடித்துப் போனது.

"ஹய்ய அலஸ்..."

அங்கே அறுந்துவிட்டது. முப்பதாவது செக்கனில் மருமகனின் விரல் எங்கோ பட்டு நின்றிருக்கவேண்டும். 'வாருங்கள்' என்று கூப்பிட்டுவிட்டு, எதன் பக்கம் என்று சொல்ல முன்.

கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே அந்தப் பழைய போனுக்குப் புது பட்டரி தேடத் தொடங்கினார்.

என் சட்டைப் பையில் டிங்.

"நல்லாத்தான் சொல்லி இரிக்கன்."

திரும்பிப் பார்த்தேன். உதடு சிரித்துக்கொண்டிருந்தது. கண் அதோடு ஒத்துப்போகவில்லை.

அன்று த்ரீவீலில் திரும்பினோம். நான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன் – நான், கணக்கு. மனைவி பின்னாலிருந்து திருத்தினார். அந்தப் பழைய போன் குரலை ஐம்பதில் ஒரு செக்கன் துண்டுகளாக வெட்டுமாம். துண்டுக்கு முப்பத்திரண்டு பைட். அதாவது இருநூற்று ஐம்பத்தாறு உண்டு-இல்லை. அப்படி ஆயிரத்து ஐந்நூறு துண்டு. தலைப்பில் ஒரு ஆறு பைட், 'நான் ஒரு குரல்' என்று சொல்லிக்கொள்வதற்கு. மொத்தம் நாற்பத்தெட்டாயிரத்து ஆறு. எட்டால் பெருக்கினால் மூன்று இலட்சத்து எண்பத்து நாலாயிரத்து நாற்பத்தெட்டு.

யோசித்துப் பாருங்கள். ஒரு பெருநாள் திடல். நாற்பத்தெட்டாயிரத்து ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் எட்டு விரலை நீட்டுகிறார்கள். சிலது மடங்கி, சிலது நிமிர்ந்து. யாரும் ஒரு சத்தம் போடவில்லை. அந்த விரல்கள் மட்டும் இந்த ஒழுங்கில் நின்றால் அது ஹனிபா நானா. விரல்கள் கொஞ்சம் மாறி நின்றால் இன்னொரு மனிதன். இன்னும் மாறினால் மழை. இன்னும் மாறினால் ஒரு கழுதையின் படம்.

ஒரு மனிதனின் தொண்டையை இப்படி உண்டு-இல்லைகளாக உடைத்து, நகத்தளவுத் தகட்டில் ஒன்பது வருடம் வைத்திருந்து, திரும்பப் பூட்டினால் அதே மனிதன். அதே ஈரத்தோடு. நான் ஐம்பது வயதை எட்டிப்பிடிக்கிற ஆள். சொற்களை வைத்துப் பிழைக்கிறவன். என்னால் ஒரு குரலை எழுத்தில் இப்படிப் பிடிக்க ஏலுமா? ஒருநாளும் ஏலாது. அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. துக்கத்தில் அல்ல... அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிடுவது கஷ்டம்.

வீட்டில் இன்னொரு கணக்கும் நடந்தது. வட்ஸ்அப்பில் ஹனிபா நானா 'ஓம்' என்று அனுப்பினால் எத்தனை பிட்? தமிழ் எழுத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பைட்டாம். ஓ ஒன்று, ம ஒன்று, மேலே உள்ள குத்து ஒன்று. ஒன்பது பைட், எழுபத்திரண்டு பிட். 'இல்ல' என்றால் பன்னிரண்டு பைட், தொண்ணூற்றாறு பிட்.

எங்கள் பாஷையில் மறுப்பதைவிடச் சம்மதிப்பது இலேசு. இதை ஐம்பது வயதுக்குள் தெரிந்துகொண்டது நல்லதாய்ப் போயிற்று.

சைபர் புள்ளி சைபர் ஆனால் விடவில்லை என்னை. எத்தனை இடத்தில் அதைச் சைபர் என்று வாசித்துவிட்டுப் போயிருப்போம்? தொண்ணூறில் வந்தவர்களைப் பற்றி யாராவது அறிக்கை எழுதினால் ஆயிரக் கணக்கில் எழுதுவார்கள். எண்ணுகிறவர்களுக்கு அது வசதி. ஆயிரத்தை அலகாக வைத்து ஹனிபா என்ற ஒரு மனிதனை எழுதிப் பாருங்கள். புள்ளிக்குப் பிறகு ஒரு இலக்கம் மட்டும் விட்டால் என்ன வரும்?

அதேதான்.

இரண்டு நாளில் ரிஸ்மியாவுக்குப் பிள்ளை கிடைத்தது. ஆண் பிள்ளை. புத்தளம் ஆஸ்பத்திரியில் வைத்தே மருமகன் காதில் பாங்கு சொல்லிவிட்டார். கடமை முடிந்தது. சனிக்கிழமை காலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாங்களும் ஆலங்குடாவுக்குப் போனோம்.

ரிஸ்மியா கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவள் கையில் அந்தப் பட்டன் போன். புது பட்டரியோடு, அதே காட்டோடு. "காட்ட அதுட வீட்டுலயே போட்டுக் குடுங்க" என்று ஹனிபா நானா கடைக்காரருக்கு எழுதிக் காட்டியிருந்தார். ஹனா முந்திய நாளே அதைப் பதினேழு தரமோ என்னவோ கேட்டுவிட்டாளாம். குரல் இல்லாத மூத்தாப்பாவை மட்டும் ஞாபகம் உள்ள பிள்ளை. "இது மெய்யாவே மூத்தாப்பாவா உம்மா?" என்று ஒவ்வொரு தரமும் கேட்டாளாம்.

"வாப்பா, பிள்ளைய மடியில வச்சிக்கொள்ளுங்க. நான் போடுறன்" என்றாள் ரிஸ்மியா.

ஹனிபா நானா பிள்ளையை வாங்கினார். மகள் போனைப் பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். ஒற்றைக் கையால் தன் போனில் தட்டினார். இந்தத் தரம் டிங் என்றது ரிஸ்மியாவின் தலையணைக்குப் பக்கத்தில். அவள் எடுத்து, சத்தமாக வாசித்தாள்.

"அது மூத்தவளுக்குச் சொன்னது. இவருக்கு வேற."

"வேற எண்டா... எப்பிடி வாப்பா?"

அவர் போனைக் கீழே வைத்தார். பிள்ளையைத் தூக்கினார். கழுத்துத் துணியை ஒழுங்காக்கினார். பிள்ளையின் வலது காதுக்கு உதட்டைக் கொண்டுபோனார்.

உதடு அசையத் தொடங்கியது.

ஒரு சத்தமும் இல்லை. யன்னலில் காற்று. தூரத்தில் கடல். கழுத்துத் துணி மேலும் கீழும். எனக்கு உதடுகளைப் பார்த்தே தெரிந்தது எந்த வரியில் நிற்கிறார் என்று. நான்கு தக்பீர். இரண்டு சாட்சி, இரண்டிரண்டு தரம். ஹய்ய அலஸ் ஸலாஹ் – போன தரம் அறுந்த இடம். அங்கே ஒரு கணம் நின்றார். நின்று, என்னைப் பார்த்து, கண்ணால் ஒரு சிரிப்பு. பிறகு தாண்டிப் போனார். கடைசி வரி வரைக்கும். பிள்ளை கண்ணை அகலத் திறந்துகொண்டு கிடந்தது. காதில் ஒரு மனிதச் சூடு தட்டுவது அதற்குத் தெரிந்திருக்கும்.

அவர் நிமிர்ந்தபோதுதான் கவனித்தோம், ரிஸ்மியா பட்டன் போனைக் கீழே வைக்கவே இல்லை. அதன் சின்னச் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவள் பதிந்திருக்கிறாள்.

"சத்தமே இல்லாததப் பதிஞ்சி என்ன செய்ற?" என்றார் மருமகன், தயங்கித் தயங்கி.

ரிஸ்மியா போனை என் மனைவியிடம் நீட்டினாள். "டீச்சர், இது சைபர்தானே?"

மனைவி காட்டைக் கழற்றித் தன் போனில் செருகினார். அந்தப் போனும் எம்பியில் நிறுக்கிற ஜாதிதான், புள்ளிக்குப் பிறகு ஒரு இலக்கம். திரையில் இப்போது இரண்டு வரி. மேலே பழையது: சைபர் புள்ளி சைபர். கீழே புதியது.

மனைவி சிவப்புப் பேனையைத் தேடுகிறவர்போல் காதுக்கு மேலே கை வைத்தார். அங்கே பேனை இல்லை.

"அந்தப் போனுக்குச் சத்தம், மௌனம் எண்ட வித்தியாசம் தெரியா" என்றார் மெதுவாக. "ஐம்பதில ஒரு செக்கனுக்கு முப்பத்திரண்டு பைட். கத்தினாலும் அவ்வளவுதான், மூச்சு விட்டாலும் அவ்வளவுதான். இது ஐம்பத்திரண்டு செக்கன். முழுப் பாங்கு. எண்பத்து மூவாயிரத்து இருநூற்று ஆறு பைட்."

பிறகு திரையைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினார்.

சைபர் புள்ளி ஒன்று.

குரலோடு சொன்னது தராசில் ஏறவில்லை. குரலே இல்லாமல் சொன்னது ஏறிவிட்டது. முழுதாகச் சொல்லி முடித்ததால்.

நான் போனை எடுத்தேன். எதிரே, மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு வட்ஸ்அப் செய்தி அனுப்பவேண்டியது அன்று என் முறை.

"நானா, முள் அசஞ்சிட்டு."

வாசித்தார். திரையைப் பார்த்தார். மடியில் பிள்ளையைப் பார்த்தார். ஒற்றை விரலால் தட்டினார்.

டிங்.

"ஓம்."

எழுபத்திரண்டு பிட்.